மாலை வேலையும் பி.ஆர்க் படிப்பும்

அன்புள்ள ஐயா,

பி.ஆர்க் (கட்டடக் கலைப் பட்டப்படிப்பு) இரண்டாம் வருடம் படிக்கிறேன். வீடு சென்னைத் தண்டையார்பேட்டை. தினமும் மாலையில் தங்கசாலையில் ஓர் இன்ஜினியர் ஆபீசில் ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் பிளான் போடுகிறேன். கல்லூரிக்கு வரையும் ஷீட், செய்யும் மாடல் செலவு அந்தச் சம்பளத்தில்தான் ஓடுகிறது. ஆனால் ரிவ்யூ (கல்லூரியில் டிசைனை மதிப்பிடும் நாள்) நெருங்கினால் தூக்கமே இல்லை. வேலையை விட்டுவிடலாமா? இந்த அனுபவம் பிராக்டிகல் டிரெயினிங்கில் சேருமா?

க.

அன்புள்ள தம்பி,

சேராது. டிரெயினிங்குக்கென்று தனியாக ஒரு செமஸ்டர் வரும். கல்லூரி ஒப்புதலோடு, ஆர்க்கிடெக்ட்களைப் பதிவு செய்யும் கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு பெற்ற ஆர்க்கிடெக்டிடம் செய்ய வேண்டியது அது. இன்ஜினியர் கையெழுத்து அங்கே செல்லாது. ஆபீசில் உங்களுக்கு 'ஆர்க்கிடெக்ட்' என்று விசிட்டிங் கார்டு அடித்திருந்தால் அதையும் நிறுத்தச் சொல்லுங்கள். 1972-ஆம் வருட ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி பதிவில்லாதவர் அப்படிப் போட்டுக்கொள்ள முடியாது.

வேலையை விட வேண்டாம், வேலையின் வகையை மாற்றுங்கள். கட்ட அனுமதி வாங்கப் போடும் அப்ரூவல் பிளானில் சில மாதங்களுக்குமேல் கற்க ஒன்றுமில்லை. மாலைகளை மட்டும் தின்னும். அளவெடுக்கும் வேலை கேளுங்கள். மண்ணடியிலும் ராயபுரத்திலும் பாகப்பிரிவினைக்கும் மாடி எடுக்கவும் பழைய வீடுகளை அளந்துகொண்டேதான் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை போதும், வீட்டுக்கு இவ்வளவு என்று கூலி பேசலாம்.

நான்கு சுவரை அளந்தால் அறை கிடைத்துவிடாது. பழைய வீட்டில் மூலைகள் சரியான செங்கோணம் என்று நம்பக் கூடாது. ஒரு மூலைவிட்டம் அளந்தால் வடிவம் நிற்கும், இன்னொன்று சரிபார்க்க. நீளச் சுவரில் ஜன்னல், தூண் என்று துண்டு துண்டாக அளந்து கூட்டாதீர்கள். துண்டுக்கு 5 மி.மீ. ஒரே பக்கமாகப் பிசகினால் பத்துத் துண்டில் 5 செ.மீ. போய்விடும். டேப்பின் பூஜ்யத்தை ஒரு முனையில் பிடித்து, டேப்பை நகர்த்தாமல் ஒவ்வொரு இடத்தையும் ஓட்டமாகப் படியுங்கள். சுவர் கனத்தை 230 மி.மீ. என்று ஊகிக்காமல் கதவு நிலையருகே அளந்து பாருங்கள். சுண்ணாம்புப் பூச்சு சுவருக்குச் சுவர் மாறும். தரைமட்டம் பார்க்கும் தண்ணீர் டியூபில் காற்றுக் குமிழி நின்றால் எடுத்த மட்டம் எல்லாம் பொய்.

அதோடு, கான்கிரீட் போடும் நாளில் சைட்டில் நிற்க அனுமதி வாங்குங்கள். காசிமேடு, திருவொற்றியூர் மாதிரி கடலோரச் சூழலை ஐ.எஸ். 456 என்ற இந்தியக் கான்கிரீட் தர விதி 'கடுமை' வகையில் வைக்கிறது: குறைந்தது எம்30 என்ற வலிமைத் தரக் கான்கிரீட், கம்பிக்கு 45 மி.மீ. கவர் (கம்பியை மூடும் கான்கிரீட் கனம்). சைட்டில் கம்பிக்கு இடைவெளி விட வைக்கும் 20, 25 மி.மீ. கவர் பிளாக்கைப் போட்டுவிட்டுப் போவார்கள். உப்பு உள்ளே இறங்கிக் கம்பி துருப்பிடிக்கும், துரு பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கும். கம்பி கட்டும்போதே டேப் வைத்துப் பாருங்கள். கான்கிரீட் விழுந்தபின் கண்ணுக்குத் தெரியாது.

செமஸ்டர் தொடக்கத்திலேயே ரிவ்யூ, ஜூரி (நடுவர்கள் முன் டிசைனை விளக்கும் நாள்) தேதிகளை ஆபீசில் எழுதிக் கொடுங்கள். ஜூரிக்கு முந்தைய பத்து நாள் வர முடியாது என்று அப்போதே பேசிவிட வேண்டும். முந்தின நாள் சொன்னால் யாருக்கும் கோபம்தான் வரும்.

அளவெடுத்த தாள்களை, கை எழுத்தும் அழுக்கும் அப்படியே, எடுத்து வையுங்கள். ஆபீசில் கேட்டுக்கொண்டு, வீட்டுக்காரர் பெயரையும் கதவு எண்ணையும் மறைத்துப் போர்ட்ஃபோலியோவில் சேருங்கள். எந்தப் பகுதி நீங்கள் அளந்தது, எது மற்றவர் வரைந்தது என்று பக்கத்திலேயே குறித்துவிடுங்கள். டிரெயினிங் இன்டர்வியூவில் முதலில் கேட்பது அதைத்தான்.