வானியல் கேள்வி–பதில்: பூசம் எங்கே இருக்கிறது?

கேள்வி: ஆண்டுதோறும் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து செல்கிறோம். ஆனால் பூச நட்சத்திரத்தை வானத்தில் நான் இதுவரை அடையாளம் கண்டதில்லை. அதை எப்படிப் பார்ப்பது?
– ஒரு வாசகி, காங்கயம்

பதில்: தாங்கள் நடந்து செல்லும் அந்த இரவுகள் பூசத்தைக் காண ஏற்றவை அல்ல. தை மாதத்தில் சூரியன் மகர ராசியில் இருப்பதால், நேரெதிரே கடக ராசிக்கு வரும்போது சந்திரன் முழுநிலவாகிறது. பூசம் இருப்பதும் அந்தக் கடகத்தில்தான். ஆகவே தன் பெயரால் வழங்கும் திருநாளிலேயே அது நிலவொளியில் மறைந்துபோகிறது.

அடுத்த அமாவாசை வரை பொறுத்திருங்கள். திருப்பூரின் வெளிச்சம் எட்டாத ஒரு தோட்டத்துச் சாளையிலிருந்தோ, இன்னும் நன்றாக, பர்கூர் மலையிலிருந்தோ இரவு பதினொரு மணியளவில் அண்ணாந்து பார்த்தால், புனர்பூசத்தின் இரட்டை விண்மீன்களுக்கும் மகத்தின் ஒளிமிகுந்த மீனுக்கும் நடுவே வெறுமையாகத் தோன்றும் பகுதியே கடகம். அங்கே வடக்கு தெற்காக இரண்டு மங்கலான மீன்கள் தெரியும். தெற்கே இருப்பது பூசத்தின் முதன்மை மீன். அதன் ஒளித்தரம் 3.9 (இந்த எண் குறையக் குறையப் பிரகாசம் கூடும்). கடகத்தில் இதைவிடப் பிரகாசமான மீன் ஒன்று (ஒளித்தரம் 3.5) இருந்தும், நம் முன்னோர் அதை நட்சத்திரமாகக் கொள்ளவில்லை. அது சூரியன் செல்லும் பாதையிலிருந்து பத்துப் பாகை தெற்கே விலகி நிற்பது காரணமாக இருக்கலாம். பூசமோ ஏறத்தாழ அந்தப் பாதையின் மீதே இருப்பதால் சந்திரனும் கோள்களும் அதை ஒட்டியே கடந்து செல்கின்றன. ஒளியைவிட இடத்தையே பெரிதாகக் கருதிய அந்தத் தேர்வு எனக்கு மிகுந்த வியப்பைத் தருகிறது.

அவ்விரு மீன்களுக்கு இடையே, சற்று மேற்கே, வெண்மையான ஒரு மங்கல் திட்டு இருக்கும். கண்ணுக்குப் புகையாகத் தெரியும் அதைத் தொலைநோக்கியில் பார்த்து, நாற்பதுக்கும் மேற்பட்ட மீன்களின் கூட்டம் என்று 1610-இல் எழுதியவர் கலிலியோ. ஏறத்தாழ 600 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள அக்கூட்டத்தில் சுமார் 1,000 மீன்கள் இருப்பதாக இன்று அறிகிறோம். சாதாரண பைனாகுலரிலேயே பல பத்து மீன்கள் பிரிந்து தெரியும், தவறாமல் பாருங்கள்.

கிரேக்கர்கள் இத்திட்டைத் தீவனத் தொட்டி என்றும், இருபுற மீன்களை அதில் மேயும் கழுதைகள் என்றும் கண்டார்கள். கழுதைகள் தெரியும்போதே தொட்டி மட்டும் மறைந்தால் புயல் வரும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. உயரத்தில் மெல்லிய முகில் படரும்போது, பரவலான மங்கல் ஒளியே முதலில் மறையும் என்பதால் இதில் ஓரளவு உண்மை உண்டு. நண்டு உருவத்துக்கும் அவர்களிடம் கதை இருக்கிறது: பல தலைப் பாம்போடு ஹெராக்ளிஸ் போரிட்டபோது, ஹீரா தேவி அனுப்பிய நண்டு அவன் காலைக் கடித்து, அவனால் மிதிபட்டு இறந்து, வானத்தில் இடம்பெற்றது.

கேள்வி: பூமியில் கடக ரேகை என்று ஒன்று இருக்கிறதே, அதற்கும் இந்த ராசிக்கும் தொடர்பு உண்டா?
– ஒரு மாணவர், கோபி

பதில்: உண்டு. சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்பு, சூரியன் வடகோடிக்குச் சென்று திரும்பும் நாளில் கடகத்தில் இருந்தது. பூமியின் அச்சு ஏறத்தாழ 26,000 ஆண்டுகளுக்கு ஒரு சுற்று என மெல்லச் சுழல்வதால், இப்போது அந்தத் திருப்பம் ஆனி முதல் வாரத்தில், சூரியன் மிதுனத்தில் இருக்கும்போதே நிகழ்ந்துவிடுகிறது. ரேகையின் பெயர் மட்டும் மாறவில்லை.