ஒளியில் ஹைட்ரஜன்: ஆய்வகத்தில் எழும் சந்தேகங்கள்

கேள்வி: அண்ணா, ஒளி பட்டால் நீரிலிருந்து ஹைட்ரஜன் எடுக்க உதவும் தூளான கார்பன் நைட்ரைடுக்காக மெலமைன் 5 கிராம் எடுத்து 550 டிகிரியில் 4 மணி நேரம் சுட்டேன். மூசையில் கால் கிராம்கூட மிஞ்சவில்லை.

பதில்: மூடி போட்டீர்களா? திறந்து வைத்தால் மெலமைன் வினைபுரியும் முன்பே பதங்கமாகிப் பறந்துவிடும். மூடியுள்ள அலுமினா மூசை, நிமிடத்துக்கு 5 டிகிரி ஏற்றம், 550-ல் 4 மணி நேரம், பிறகு ஃபர்னஸுக்குள்ளேயே ஆறட்டும். ஏறக்குறைய பாதி எடைக்கு மஞ்சள் கட்டி நிற்கும். 600-ஐத் தாண்டினால் பொருளே சிதையத் தொடங்கும். அதனால் ஃபர்னஸின் காட்டியை நம்பாமல் தனி தெர்மோகப்பிள் (வெப்ப உணரி) வைத்து ஒருமுறை சரிபாருங்கள். யூரியாவில் செய்தால் 10 கிராமுக்கு அரை கிராம் தேறினாலே அதிகம். ஆனால் பரப்பளவு பல மடங்கு கிடைக்கும், ஹைட்ரஜனும் பெரும்பாலும் கூடும். இரண்டிலுமே அம்மோனியா வரும். ஃப்யூம் ஹூட் இல்லாமல் வேண்டாம்.

கேள்வி: 50 மி.கி. தூளில், ஹைட்ரஜன் உண்டாக உதவும் பிளாட்டினத்தை 3 சதவீதம் ஏற்ற, அதன் உப்பான குளோரோபிளாட்டினிக் அமிலம் எவ்வளவு?

பதில்: தேவை 1.5 மி.கி. உலோகம். பலர் அதையே உப்பின் எடையாக எடுத்துக்கொண்டு ஏமாறுகிறார்கள். ஆறு நீர் மூலக்கூறுள்ள உப்பில் பிளாட்டினம் 37.7 சதவீதம்தான். ஆக 4 மி.கி. உப்பு வேண்டும். ஆனால் அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், 4 மி.கி.யைத் தராசில் நம்பி நிறுக்க முடியாது. 26.5 மி.கி.யை 10 மி.லி. நீரில் கரைத்தால் மி.லி.க்கு 1 மி.கி. பிளாட்டினம். அதிலிருந்து 1.5 மி.லி. எடுங்கள். இதையும் சேர்த்து நீர் 90 மி.லி., எலக்ட்ரான் கொடுக்க டிரைஎத்தனால்அமைன் 10 மி.லி. அரை மணி நேரம் ஆர்கான் ஓட்டிவிட்டு விளக்கைப் போடுங்கள். வெளிர் மஞ்சள் கலங்கல் சாம்பல் நிறத்துக்குத் திரும்பினால் உலோகம் படிகிறது என்று பொருள். அதுவரை எலக்ட்ரான்களில் ஒரு பங்கு பிளாட்டினத்தை ஒடுக்கவே போகும். அந்த நேரத்து ஹைட்ரஜனை வேகக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கேள்வி: வாயுக்களைப் பிரித்து அளக்கும் கேஸ் குரோமட்டோகிராஃபில் ஹைட்ரஜன் பீக் தெரியவே இல்லை. கேரியர் (மாதிரியைச் சுமந்து செல்லும் வாயு) ஹீலியம்.

பதில்: வெப்பக் கடத்தல் டிடெக்டர் என்றால் கோளாறு அங்கேதான். ஹைட்ரஜனும் ஹீலியமும் வெப்பத்தைக் கிட்டத்தட்ட ஒரே அளவில் கடத்தும். ஆர்கானுக்கு மாறுங்கள், வித்தியாசம் பத்து மடங்கு.

கேள்வி: கார்பன் நைட்ரைடுக்குப் பதில் போட்ட காட்மியம் சல்பைடு தூள் மூன்று மணி நேரத்தில் சோர்ந்துவிடுகிறதே?

பதில்: ஒளியில் உண்டாகும் துளைகள் (எலக்ட்ரான் விலகிய இடங்கள்) நீரை விட்டுவிட்டு, பொருளின் சல்பைடையே ஆக்சிஜனேற்றுகின்றன. காட்மியம் கரைந்து வெளியேறுகிறது. சோடியம் சல்பைடு 0.35 மோலார், சோடியம் சல்பைட்டு 0.25 மோலார் சேர்த்துப் பாருங்கள். சல்பைட்டை விட்டுவிடக் கூடாது. அது இல்லையென்றால் மஞ்சள் பாலிசல்பைடு சேர்ந்து, தூளுக்குப் போக வேண்டிய ஒளியைக் கரைசலே விழுங்கும். இந்தக் கரைசலில் அமிலம் படவே கூடாது, ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும்.

கேள்வி: டிரைஎத்தனால்அமைனில் ஹைட்ரஜன் அளவு அருமையாக வருகிறது. 'நீர்ப் பிளப்பு' என்று எழுதலாமா ஐயா?

பதில்: கூடாது. அது அரை வினைதான். எலக்ட்ரானைக் கொடுப்பது நீரல்ல, நீங்கள் ஊற்றிய அமைன். முழுப் பிளப்பு என்றால் தூய நீரில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் 2:1 விகிதத்தில், நேரத்தோடு சேர்ந்து ஏற வேண்டும். ஆக்சிஜனோடு நைட்ரஜன் பீக்கும் ஏறினால் அது செப்டம் (பாத்திரத்தின் ரப்பர் அடைப்பு) வழியாக வந்த காற்று. வெறும் பிளாட்டினம் இருந்தால் உண்டான இரண்டும் அதன் மேலேயே மீண்டும் நீராகிவிடும். அதனால்தான் ஜப்பானின் டோமென் ஆய்வுக் குழு, அலுமினியம் கலந்த ஸ்ட்ரான்சியம் டைட்டனேட்டில் ரோடியத்தின் மேல் குரோமியம் ஆக்சைடு உறை போட்டது. 350–360 நா.மீ. (நானோமீட்டர்) ஒளியில் 96 சதவீதம் வரை குவாண்டம் திறன் (விழும் ஃபோட்டான்களில், அதாவது ஒளித்துகள்களில், வினைக்குப் பயன்படும் பங்கு) என்று 2020-ல் காட்டினார்கள். ஆனால் அது புற ஊதாவை மட்டும் உண்ணும் பொருள். 2021-ல் 100 சதுர மீட்டர் பலகையில் சூரிய ஒளியிலிருந்து கிடைத்த உச்சத் திறன் 0.76 சதவீதம்.

கேள்வி: ஒரு கிராம் தூளுக்கு இத்தனை மைக்ரோமோல் ஹைட்ரஜன் என்று ஒப்பிட்டால் போதாதா?

பதில்: 5 மி.கி. போட்டால் அந்த எண் வீங்கும், 100 மி.கி. போட்டால் சுருங்கும். குவாண்டம் திறனைச் சொல்லுங்கள். 420 நா.மீ. எல்இடி, கலங்கலின் மேல் விழுவது 50 மில்லிவாட் என்றால் மணிக்கு 632 மைக்ரோமோல் ஃபோட்டான். ஹைட்ரஜன் மணிக்கு 15.8 மைக்ரோமோல் வந்தால், ஒரு மூலக்கூறுக்கு இரண்டு எலக்ட்ரான் வீதம் 31.6. திறன் 5 சதவீதம். ஒளி அளவுமானியை விளக்கின் வாயில் பிடிக்காதீர்கள். ஃபில்டரையும் பாத்திரத்தின் சன்னலையும் கடந்து, கலங்கல் நிற்கும் இடத்தில் பிடியுங்கள்.