மூச்சுப் பயிற்சியால் சீக்கிரம் தூக்கம் வருமா? தெளிவுக் கனவும் வருமா?

கேள்வி: எனக்கு வயது 27. படுத்தால் தூக்கம் வர ஒரு மணி நேரமாவது ஆகிறது. ஒரு வீடியோவில் பார்த்து, நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஏழு எண்ணும் வரை அடக்கி, எட்டு எண்ணும் வரை விடும் பயிற்சியை இரண்டு வாரமாகச் செய்கிறேன். அடக்கும்போது நெஞ்சு படபடக்கிறது. தூக்கம் இன்னும் தள்ளிப்போகிறது. கனவு ஓடிக்கொண்டிருக்கும்போதே 'இது கனவு' என்று தெரிந்துகொள்ளும் லூசிட் ட்ரீம், அதாவது தெளிவுக் கனவு மீதும் எனக்கு ஆசை உண்டு. அதற்காக மூச்சைக் கவனித்தபடியே விழிப்போடு தூங்கப் பார்த்தேன். ஒரு நாள் விடிகாலையில் கை, கால் எதையும் அசைக்க முடியாமல் கிடந்து பயந்துபோனேன். இதையெல்லாம் தொடரலாமா, டாக்டர்?

பதில்: அந்த விடிகாலைப் பயத்திலிருந்தே தொடங்குகிறேன். உங்களுக்கு வந்தது தூக்க முடக்கம். பேச்சு வழக்கில் 'அமுக்குப் பேய்' என்று சொல்வதும் இதைத்தான். நம் கனவுகளில் பெரும்பாலானவை ரெம் தூக்கத்தில் வருகின்றன. மூடிய இமைக்குள் விழிகள் வேகமாக உருளும் நேரம் அது. கனவில் ஓடுகிறவர் படுக்கையை விட்டு எழுந்து ஓடிவிடக் கூடாதே என்று, மூளை அப்போது உடலின் பெரும்பாலான தசைகளைத் தளர்த்திப் பூட்டி வைக்கிறது. கண்ணை அசைக்கும் தசைகளுக்கும் மூச்சை நடத்தும் உதரவிதானத்துக்கும் மட்டும் விலக்கு. சில நேரம் அறிவு முந்தி விழித்துக்கொள்ளும். பூட்டு திறக்கக் கொஞ்சம் தாமதமாகும். விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகளும் தளர்ந்திருப்பதால், பெரிய மூச்சாக இழுக்கப் பார்த்தால் வராது. நெஞ்சில் யாரோ உட்கார்ந்திருப்பது போலத் தோன்றுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

மூச்சு நிற்கவில்லை, உதரவிதானம் அதன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. இன்னொரு முறை வந்தால் உடம்போடு மல்லுக்கட்டாதீர்கள். மூச்சை அதன் போக்கில் விட்டுவிட்டு, கால் கட்டைவிரலை மட்டும் அசைக்கப் பாருங்கள். சில நொடிகளில், மிஞ்சினால் சில நிமிடங்களில் விலகிவிடும். தூக்கம் குறைந்தவர்களுக்கும் மல்லாந்து படுப்பவர்களுக்கும் இது அதிகம் வரும். அடிக்கடி வந்தாலோ, பகலில் அடக்க முடியாத தூக்கம் வந்தாலோ, வாய்விட்டுச் சிரிக்கும்போது முழங்கால் தளர்ந்து மடிந்தாலோ மருத்துவரைப் பாருங்கள்.

இப்போது பயிற்சிக்கு வருவோம். நீங்கள் செய்யும் 4-7-8 முறையைப் பரவலாக்கியவர் அமெரிக்க மருத்துவர் ஆண்ட்ரூ வெயில். அதன் வேர் நம் பிராணாயாமத்தில் இருக்கிறது. ஒரு சுற்றுக்கு 19 எண்ணிக்கை. எண்ணிக்கை ஒன்றுக்கு ஒரு நொடி என்று வைத்தால், நிமிடத்துக்கு மூன்று மூச்சுதான் வரும். சாதாரணமாக நாம் விடுவது 12 முதல் 20 வரை. பழக்கமில்லாதவர் திடீரென்று இவ்வளவு குறைத்தால் ரத்தத்தில் கரியமில வாயு ஏறும்; மூளை 'காற்று போதவில்லை' என்று அலறும்; நெஞ்சு படபடக்கும். தூங்கப் போகிற உடம்புக்கு நீங்கள் கொடுப்பது அபாய மணி! உங்கள் இதயத்தில் கோளாறு என்று உடனே பயப்பட வேண்டாம். ஆனால் பயிற்சி செய்யாத நேரத்திலும் படபடப்போ மயக்கமோ வந்தால் ஒரு இ.சி.ஜி. எடுத்துவிடுங்கள். ஏழு நொடி அடக்கியே ஆக வேண்டும் என்று வெயிலும் சொல்லவில்லை. விகிதத்தைக் காத்துக்கொண்டு வேகமாக எண்ணலாம் என்பதே அவர் சொன்னது. வீடியோக்களில் அது விடுபட்டுப்போகிறது.

உண்மையில் வேலை செய்வது எது? நீங்களே கண்டுபிடிக்கலாம். இடது மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கமாக, வலக்கை விரல்கள் இரண்டை வைத்து நாடியைப் பிடியுங்கள். மூச்சை மெதுவாக இழுங்கள்: துடிப்பு கொஞ்சம் நெருங்கி வரும். மெதுவாக விடுங்கள்: துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவே இடைவெளி கூடும். மூச்சை விடும் நேரத்தில் வேகஸ் நரம்பு இதயத்துக்குக் கடிவாளம் போடுகிறது. எனவே வெளிமூச்சை நீட்டினால் போதும், அடக்கவே தேவையில்லை. மூக்கு வழியாக நான்கு எண்ணும் வரை இழுங்கள், ஆறு எண்ணும் வரை விடுங்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு. தொப்புள் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டால், நெஞ்சுக்குப் பதில் வயிறு ஏறி இறங்குகிறதா என்று தெரியும். மூக்கடைப்பு இருந்தால் உதட்டைக் குவித்து வெளியே விடலாம். ஐந்து முதல் பத்து நிமிடம் செய்யுங்கள். அப்புறம் எண்ணுவதை விட்டுவிடுங்கள். இதைத்தான் பலர் செய்வதில்லை. 'வந்துவிட்டதா, வந்துவிட்டதா' என்று தூக்கத்தை மேற்பார்வை பார்க்கும் மனது தூங்காது. முதல் ஒரு வாரம் பகலில், உட்கார்ந்தபடி பழகுங்கள். கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேக மூச்சுப் பயிற்சிகள் இரவில் வேண்டாம். அவை கரியமில வாயுவை அளவுக்கு மீறிக் குறைத்து, தலைச்சுற்றலும் விரல் நுனியில் மதமதப்பும் தரலாம்.

படுத்து 10 முதல் 20 நிமிடத்தில் தூங்குவது இயல்பு. படுத்தவுடனே அடித்துப் போட்டதுபோல் தூங்குவது பெரும்பாலும் தூக்கக் கடன் இருப்பதற்கான அறிகுறி. அதை இலக்காக வைக்காதீர்கள். இருபது நிமிடம் போல் ஆகியும் வரவில்லையா, எழுந்து மங்கிய வெளிச்சத்தில் உட்காருங்கள், கண் சொருகும்போது திரும்பிப் போங்கள். கடிகாரத்தைச் சுவர் பக்கம் திருப்பி வையுங்கள். காபியில் உள்ள காஃபினில் பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். மதியத்துக்கு மேல் வேண்டாம். வாரத்தில் மூன்று இரவாவது தூக்கம் வராமல், மூன்று மாதம் இப்படியே போனால் அது நாள்பட்ட தூக்கமின்மை. அதற்கு முதல் சிகிச்சை மாத்திரை அல்ல. தூக்கமின்மைக்கென்றே உள்ள நடத்தைச் சிகிச்சை. குறட்டை பலமாக இருந்து, தூக்கத்தில் மூச்சு நின்று திணறுவதாக அருகில் படுப்பவர் சொன்னால், எந்த மூச்சுப் பயிற்சியையும் நம்பி நாளைக் கடத்தாதீர்கள். தூக்கப் பரிசோதனை அவசியம்.

தெளிவுக் கனவு மீதான உங்கள் ஆசையில் தவறே இல்லை. எனக்கும் மிகவும் பிடித்த விஷயம் இது. 1913-லேயே ஃபிரெடரிக் வான் ஈடன் என்ற டச்சு மருத்துவர் இதற்கு 'லூசிட் ட்ரீம்' என்று பெயர் வைத்துவிட்டார். 1975-இல் இங்கிலாந்தில் கீத் ஹெர்ன் என்ற ஆய்வாளர் நடத்திய சோதனையில், தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் முன்பே பேசிவைத்தபடி கண்ணை இடமும் வலமும் அசைத்து, 'நான் கனவுக்குள் இருக்கிறேன்' என்று சைகை கொடுத்தார். பிறகு அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் லபெர்ஜ் என்ற ஆய்வாளர் மூச்சை வைத்தே ஒரு சோதனை செய்தார். கனவில் இருப்பவர்கள் கனவுக்குள் மூச்சை அடக்கினார்கள், வேகமாக விட்டார்கள். வெளியே கருவியிலும் மூச்சு அப்படியே மாறிப் பதிவானது. தசைப் பூட்டிலிருந்து உதரவிதானத்துக்கு விலக்கு என்று சொன்னேனே, அதன் அழகு இது.

ஆனால் படுக்கப் போகும்போது செய்யும் மூச்சுப் பயிற்சி நேராகத் தெளிவுக் கனவுக்குக் கூட்டிப் போகாது. முதல் ரெம் தூக்கம் வரவே சுமார் 90 நிமிடம் ஆகும், அதுவும் சில நிமிடங்கள்தான். நீளமான ரெம் எல்லாம் விடியலை ஒட்டியே வரும். தூக்கத்தைச் சுருக்குகிறவர் கனவு அதிகமுள்ள பகுதியைத்தான் வெட்டி எறிகிறார். இரவின் தொடக்கத்தில் விழிப்பைப் பிடித்துவைத்துக்கொண்டு தூங்கப் பார்ப்பது, உங்கள் தூக்கமின்மைக்கு நீங்களே நீர் ஊற்றுவது. அதை இன்றோடு விடுங்கள்.

பகலில் மூச்சை வைத்துச் செய்யக்கூடிய ஒன்று உண்டு. நாளுக்கு ஏழெட்டு முறை வாயை மூடி, இரு விரலால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, மூச்சு விட முடிகிறதா என்று உண்மையிலேயே சந்தேகப்பட்டுப் பாருங்கள். விழித்திருக்கும்போது முடியாது. கனவில், மூக்கை மூடியிருந்தும் பெரும்பாலும் காற்று தாராளமாகப் போய்வரும். பழக்கம் கனவுக்குள்ளும் நுழைந்து, 'அட, இது கனவு' என்று பொறி தட்டும். காலையில் கண் விழித்ததும் அசையாமல் கிடந்து கனவை நினைவில் கூட்டி, நோட்டில் எழுதி வையுங்கள். தூக்கம் ஒரு மாதமாவது சீரான பிறகு, வாரம் ஒரு நாள், மறுநாள் விடுமுறை என்றால், ஐந்து மணி நேரம் தூங்கி எழுந்து, 'அடுத்த கனவில் இது கனவென்று உணர்வேன்' என்று மனதில் சொல்லிக்கொண்டே மீண்டும் படுக்கலாம். அதற்கு மேல் வேண்டாம்.

மனச்சிதைவு, இருதுருவ மனநோய் இருந்தவர்களும், எது நிஜம் எது கனவு என்ற குழப்பம் பகலில் வருபவர்களும் இந்த முயற்சியில் இறங்கக் கூடாது. தெளிவுக் கனவுக்கென்று இணையத்தில் விற்கும் மாத்திரைகளையும் வாங்காதீர்கள். அவற்றில் சிலவற்றில் இருக்கும் கேலன்டமைன், மறதி நோய்க்கு மருத்துவர் சீட்டில் தரும் மருந்து. இதயத் துடிப்பை அளவுக்கு மீறிக் குறைத்துவிடக்கூடியது.