கரிச்சியானா: 400 பேர்தானே, அழியும் மொழி என்று எழுதிவிடலாமா?

கல்லூரிக் கட்டுரைக்காக தூப்பி (தென் அமெரிக்கப் பழங்குடி மொழிக் குடும்பம்) மொழிகளை ஆள் எண்ணிக்கைப்படி வரிசைப்படுத்தியிருக்கிறீர்கள். கரிச்சியானாவுக்குச் சுமார் 400 பேர்தான், அதனால் கடைசி இடம், கோகாமா இன மக்கள் பல்லாயிரம் பேர், அதனால் மேல் இடம் என்கிறீர்கள். எந்த மொழி உயிர்ப்போடு இருக்கிறது என்று பார்த்தால் வரிசை கிட்டத்தட்ட தலைகீழாக இருக்கிறது.

பிரேசிலின் ரொண்டோனியா மாநிலத்தில், போர்த்தோ வெல்யோவுக்குத் தெற்கே உள்ள கரிச்சியானா ஊரில் குழந்தைகள் முதலில் பேசுவதே கரிச்சியானாதான். போர்த்துகீசியம் அப்புறம்தான் வருகிறது. பள்ளியிலும் அந்த மொழியில் எழுதப் படிக்கிறார்கள். இத்தனைக்கும் 20ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்த இனமே அழிந்துவிட்டதாகக் கணக்கில் எழுதியிருந்தார்கள்! தூப்பிக் குடும்பத்தின் அரிக்கெம் கிளையில் இன்று மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான்.

கோகாமாவில் நீங்கள் எடுத்தது இனத்தின் தொகை. பெரு, பிரேசில் பக்கம் அதைச் சரளமாகப் பேசுவோர் பெரும்பாலும் முதியவர்கள். வீட்டில் பிள்ளைகளிடம் ஸ்பானியமோ போர்த்துகீசியமோதான்.

ஒரு மொழி எவ்வளவு உயிர்ப்போடு இருக்கிறது என்று பார்க்க யுனெஸ்கோ 2003இல் தந்த ஒன்பது அளவுகோல்களில் ஆள் எண்ணிக்கை ஒன்றுதான். பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் போகிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். அதற்காக கரிச்சியானா பத்திரமாக இருக்கிறது என்றும் எழுதிவிடாதீர்கள். 400 பேர் என்றால் ஒரு கொள்ளைநோய் போதும்.

இன்னொரு தூப்பி மொழியான குவாரானியை இதே பட்டியலில் போடுவதானால் அடிக்குறிப்பு வேண்டும். பராகுவேயில் 1992 அரசியலமைப்பிலிருந்து அது ஆட்சிமொழி, பழங்குடியல்லாத லட்சக்கணக்கானோர் பேசுகிறார்கள்.

அட்டவணையில் 'இனத்தொகை', 'பேசுவோர்', 'குழந்தைகள் பேசுகிறார்களா' என்று மூன்று பத்தி பிரித்துவிட்டு மறுபடி இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.