கொம்பியூட்டர் டிபக்கரைக் காணேல்லையோ? கேளுங்கோ

வணக்கம். கிளிநொச்சியில தண்ணிப் பம்பு கொன்ட்ரோல் போர்ட், இன்வேட்டர் போர்ட் திருத்திறதுதான் என்ர தொழில். மைக்ரோகொன்ட்ரோலர் எண்ட சின்னக் கொம்பியூட்டர் சிப்புக்கு புரோகிராம் ஏத்தி, பிழை பிடிக்கிற டிபக்கரோட நாள் முழுக்க மல்லுக்கட்டுறவன் எண்டபடியால் இண்டைக்கு அதைப் பற்றி மட்டும் பதில் சொல்லுறன். கேக்க முன்னம் கேபிளை ஒருக்கா மாத்திப் பாருங்கோ. இதை இன்னும் கனதரம் சொல்ல வேண்டி வரும், தெரியும்.

கேள்வி (அறிவியல் நகர், பொறியியல் பீட மாணவி): சேர், நியூக்கிளியோ எஃப்401 போர்ட் (எஸ்ரி நிறுவனத்தின்ர எஸ்ரிஎம் சிப் போட்ட பழகுற போர்ட்), சீனியர் அக்கா ஒராள் தந்தது. வின்டோஸ் லப்டொப்பில குத்தினா அதின்ர டிபக்கர் எஸ்ரி-லிங்க் இல்லை எண்டு வருது. ட்ரைவரைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்திட்டன். சொக்கெட்டுக்குக் கிட்ட இருக்கிற லைட் சிவப்பா மெதுவா மின்னுது. மற்றச் சிவப்பு லைட் எரியவே இல்லை.

பதில்: தங்கச்சி, லைட் என்ன செய்யுது எண்டு எழுதினீங்களே, அதுக்கே நன்றி. முக்கால்வாசிப் பேர் அதைப் பாக்கிறேல்லை.

“கொம்பியூட்டரில காணேல்லை” எண்டு ஒரே வசனத்தில எல்லாரும் சொல்லுறது உண்மையில ரெண்டு வேற வருத்தம். ஒண்டு, கொம்பியூட்டருக்கு டிபக்கர் தெரியேல்லை. மற்றது, டிபக்கருக்கு சிப் தெரியேல்லை. முதலாவதுக்குக் காரணம் கேபிள், யூஎஸ்பி சொக்கெட், ட்ரைவர். ரெண்டாவதுக்குக் காரணம் வயர், கரண்ட், சிப்புக்குள்ள ஏற்கெனவே கிடக்கிற புரோகிராம். எது எண்டு பிரிச்சுப் பாக்காமல் ட்ரைவரை ஏத்தி ஏத்தி இறக்கிறது, பல்லுக்குத்துக்கு காலில எண்ணெய் பூசிற மாதிரி.

உங்கட போர்ட் உண்மையில ரெண்டு போர்ட். யூஎஸ்பி சொக்கெட்டோட இருக்கிற மேல்த்துண்டு எஸ்ரி-லிங்க். கீழ்த்துண்டிலதான் நீங்கள் புரோகிராம் எழுதிற சிப் இருக்கு. மேல்த்துண்டில இருக்கிற எல்டி1 லைட்டைப் பாருங்கோ. சிவப்பா மெதுவா மின்னினால் கரண்ட் வந்திருக்கு, யூஎஸ்பி பேச்சு இன்னும் தொடங்கேல்லை. வேகமா மின்னினால் கொம்பியூட்டரோட முதல் பேச்சு நடந்திட்டுது. அசையாமல் சிவப்பா நிண்டால் கொம்பியூட்டருக்கும் எஸ்ரி-லிங்குக்கும் இடையில எல்லாம் சரி. பச்சை எண்டால் சிப்போடயும் பேசி முடிச்சாச்சு. செம்மஞ்சள் எண்டால் சிப்போட பேசப்போய் பிழைச்சிட்டுது, அது ரெண்டாவது வருத்தம்.

எல்டி3, நீங்கள் சொன்ன மற்றச் சிவப்பு லைட், இன்னும் வடிவாச் சொல்லும். கொம்பியூட்டர் எஸ்ரி-லிங்கை ஏற்றுக்கொண்ட பிறகுதான் அது கீழ்த்துண்டுக்குக் கரண்டைத் திறந்து விடும். ஏற்காட்டில் எல்டி3 எரியாது. போன் சார்ஜரில குத்திப்போட்டு “போர்ட் செத்துப்போச்சு” எண்டு கொண்டு வாற ஆக்கள் இருக்கினம். சார்ஜர் என்னெண்டு ஏற்றுக்கொள்ளும்?

ஆக உங்கட போர்ட் இன்னும் முதல் படியிலயே நிக்குது. ட்ரைவர் அதுக்குப் பிறகு வாற கதை. அந்த மினி-பி கேபிளைச் சந்தேகியுங்கோ. சார்ஜ் மட்டும் செய்யிற கேபிளுக்குள்ள சிவப்பும் கறுப்பும்தான் ஓடும், தரவு கொண்டு போற வெள்ளையும் பச்சையும் இராது. மினி-பி இப்ப கடையில தேடிப் பிடிக்கிறது கஷ்டம். வீட்டில பழைய டிஜிட்டல் கமரா கிடந்தால் அதின்ர கேபிளை எடுங்கோ, படம் இறக்கின கேபிள் எண்டால் தரவு வயர் கட்டாயம் இருக்கும். அப்பவும் சரிவராட்டில் மட்டும் சொக்கெட்டின்ர ஈயத்தை லென்ஸால பாருங்கோ. சீனியர் தந்த போர்ட் எண்டால் கனபேர் இழுத்துக் குத்தியிருப்பினம்.

கேள்வி (புதுக்குடியிருப்பு): போர்ட்டில லைட் எரியுது, ஆனால் கொம்பியூட்டரில “டிங்” எண்ட சத்தமே இல்லை.

பதில்: கேபிள்.

கேள்வி (மல்லாவி): அண்ணை, புளூ பில் போர்ட்டும் (எஸ்ரிஎம் எஃப்103 சிப் போட்டது) விலை குறைஞ்ச எஸ்ரி-லிங்க் குச்சியும் வைச்சிருக்கிறன். டிவைஸ் மனேஜரில எஸ்ரி-லிங்க் வடிவாத் தெரியுது. கனெக்ட் குடுத்தால் ரார்கெட், அதாவது சிப், இல்லையாம். நேற்று வரைக்கும் வேலை செய்த போர்ட்.

பதில்: இது ரெண்டாவது வருத்தம். ட்ரைவரைத் தொடாதேங்கோ.

“நேற்று வரைக்கும்” எண்டதிலதான் விசயம் இருக்கு. கியூப்எம்எக்ஸ் எண்ட எஸ்ரியின்ர மென்பொருளில புதுப் புரொஜெக்ட் துவங்கேக்க டிபக் எண்ட இடத்தில “சீரியல் வயர்” எண்டு தெரிவு செய்தனீங்களோ? எஃப்103இல அதை விட்டால், அது எழுதித் தாற புரோகிராமே ஓடத் துவங்கின உடனை டிபக் கால்களை மூடிப்போடும். அந்தக் கால்கள் பிஏ13உம் பிஏ14உம். சிப் பழுதில்லை, கதவை உள்ளுக்கிருந்து பூட்டிப்போட்டுது, அவ்வளவுதான்.

திறக்கிறது லேசு. போர்ட்டில பூட்0 எண்டு எழுதின ஜம்பரை (கழட்டி மாத்திப் போடுற சின்னக் கட்டை) 1 பக்கம் மாத்தி, ரீசெட்டை அமத்தி விடுங்கோ. இப்ப உங்கட புரோகிராம் ஓடாது, சிப்போடயே வந்த துவக்கப் புரோகிராம், பூட்லோடர்தான் ஓடும், கதவு திறந்திருக்கும். கனெக்ட் குடுத்து முழுசா அழியுங்கோ. ஜம்பரைத் திருப்பி 0இல போட்டு, புரொஜெக்டில சீரியல் வயரைத் தெரிவு செய்து ஏத்துங்கோ. சிப்பை ரீசெட்டில பிடிச்சபடி கனெக்ட் பண்ணுற “கனெக்ட் அண்டர் ரீசெட்” எண்ட வழியும் இருக்கு, ஆனால் அதுக்கு ரீசெட் வயர் வேணும். நகல் குச்சியள் கனத்தில ஆர்எஸ்ரி (ரீசெட்) எண்டு அச்சடிச்ச கால் இந்தச் சிப்புகளுக்கு வேலை செய்யாது. அதை நம்பி மினக்கெடாதேங்கோ.

அப்பிடியும் வராட்டில், குச்சியின்ர அலுமினியக் கூட்டைக் கழட்டி உள் போர்ட்டில கால்களுக்கு என்ன பேர் எழுதியிருக்கு எண்டு பாருங்கோ. கூட்டில ஒரு ஒழுங்கு, உள்ளுக்கு வேற ஒழுங்கு அச்சடிச்ச குச்சியள் சந்தையில தாராளம். 3.3 எண்டு நினைச்சு 5 வோல்ட்டைக் குடுத்தீங்கள் எண்டால் பிறகு என்னட்டக் கேட்டுப் பிரயோசனம் இல்லை.

இன்னொண்டு. புளூ பில் எண்டு விக்கிறதில கனக்க, எஸ்ரியின்ர சிப் இல்லை. ஓப்பன்ஓசிடி எண்ட இலவச டிபக் மென்பொருள் வாசிக்கிற அடையாள இலக்கம் உண்மையான எஃப்103க்கு 1இல துவங்கும் (1பிஏ01477). நகலுக்கு 2இல துவங்கி வந்தால் ஓப்பன்ஓசிடி ஏற்காது. கொன்ஃபிக் கோப்பில அந்த இலக்கத்தை மாத்தினால் ஓடும்.

கேள்வி (வவுனியா): “அன்னோன் யூஎஸ்பி டிவைஸ், டிஸ்கிரிப்டர் ரிக்குவெஸ்ட் ஃபெயில்ட்”, கோட் 43. என்ன ட்ரைவர் போட?

பதில்: ஒண்டும் போட வேண்டாம். டிபக்கரைத் தனிய, ஒரு வயரும் கொழுவாமல், ஹப் இல்லாமல், நேர லப்டொப்பில, வேற கேபிளால குத்துங்கோ. வந்தால் பிழை பழைய கேபிளில, ஹப்பில, இல்லாட்டில் கொழுவின போர்ட்டில எங்கையோ சோர்ட்; ஒவ்வொண்டாத் திருப்பிக் கொழுவிப் பாருங்கோ. வராட்டில் வேற கொம்பியூட்டரில பாருங்கோ. அங்கையும் 43 எண்டால் டிபக்கரிலதான் பழுது.

கேள்வி (மாங்குளம்): உபுண்டு லினக்ஸ். யூஎஸ்பியில கொழுவினதைக் காட்டுற எல்எஸ்யூஎஸ்பி கட்டளை குடுத்தால் எஸ்ரி-லிங்க் 0483:3748 எண்டு தெரியுது. ஓப்பன்ஓசிடி திறக்கேலாதெண்டுது. சூடோ (அட்மின் அனுமதி) போட்டால் வேலை செய்யுது.

பதில்: அனுமதிப் பிரச்சினை. கொழுவின சாமானை ஆர் திறக்கலாம் எண்டு சொல்லுற யூடெவ் விதிக் கோப்பு ஓப்பன்ஓசிடியோட வரும், அதை அதின்ர இடத்தில போட்டு, விதிகளை ரீலோட் செய்து, கழட்டிக் குத்துங்கோ. சூடோவோட பழகாதேங்கோ.

கேள்வி (பரந்தன்): யூரியூப்பில பாத்து சாடிக் எண்ட மென்பொருளால ட்ரைவர் மாத்தினன். இப்ப சிப்புக்குப் புரோகிராம் ஏத்துற கியூப்புரோகிராமருக்கு எஸ்ரி-லிங்க் தெரியேல்லை.

பதில்: சாடிக் நல்ல ஆயுதம், தேவையில்லாத இடத்தில எடுத்தால் கையை வெட்டும். டிவைஸ் மனேஜரில அன்இன்ஸ்டோல் குடுக்கேக்க “ட்ரைவரையும் அழி” எண்ட பெட்டியைச் சரி போடுங்கோ. கழட்டிப்போட்டு, எஸ்ரி நிறுவனத்தின்ர சொந்த ட்ரைவரைப் போட்டுத் திரும்பக் குத்துங்கோ.

கேள்வி (முறிகண்டி): ஆர்டுயினோ ஊனோ போர்ட்டின்ர டிபக்கரைக் காணேல்லை.

பதில்: ஊனோ ஆர்3இல டிபக்கர் இல்லை. அதில இருக்கிற யூஎஸ்பி சிப் சீரியலுக்கு மட்டும்.

கேள்வி (ஒட்டுசுட்டான், தோட்டம்): சொட்டு நீருக்கு எஸ்ரிஎம் போர்ட் ஒண்டு செய்தனான். மேசையில எல்லாம் சரி. தோட்டத்தில பம்பு மோட்டர் எழும்புற நேரம் மட்டும் எஸ்ரி-லிங்க் கழண்டு போகுது, திரும்பக் குத்தினால்தான் வரும்.

பதில்: அருமையான கேள்வி. இதுக்குக் கேபிள் எண்டு சொல்லமாட்டன்.

முதல் லப்டொப்பின்ர சார்ஜரைச் சுவரிலயிருந்து கழட்டிப்போட்டு, பற்றரியில வைச்சு மோட்டரை எழுப்பிப் பாருங்கோ. கழண்டு போறது நிண்டால் குழப்பம் மெயின் வழியா, எர்த் வழியா வருது. நிக்காட்டில் மோட்டர் வயரிலயும் கொன்ரக்டரிலயும் (மோட்டருக்குக் கரண்டைப் போட்டு நிப்பாட்டுற காந்தச் சுவிட்ச்) இருந்து வாற வோல்ட்டேஜ் குத்து உங்கட வயர்களுக்குள்ள நேர ஏறுது. கொன்ரக்டர் சுருள் 230 ஏசி எண்டால் சுருளுக்குக் குறுக்க 100 ஓமும் 0.1 மைக்ரோஃபரட்டும் தொடராப் போடுங்கோ, கப்பாசிற்றர் எக்ஸ்2 (மெயினில போடுற வகை) எண்டு எழுதினதா இருக்க வேணும். டிசி ரிலே எண்டால் ஒரு டையோட் காணும். டிபக்கரில இருந்து சிப்புக்குப் போற எஸ்டபிள்யூடி வயரை ஒரு சாணுக்குள்ள வைச்சு, மோட்டர் வயருக்குப் பக்கத்தில கொண்டு போகாதேங்கோ. ரெண்டு பக்கத்தையும் மின்னாலப் பிரிச்சு வைச்சு தரவை மட்டும் விடுற யூஎஸ்பி ஐசொலேற்றர் ஒண்டு வாங்கேலுமெண்டால் இன்னும் நல்லம். ஏடியூஎம்4160 சிப் போட்டது செக்கனுக்கு 12 மெகாபிட் வரை போகும், எஸ்ரி-லிங்க் வி2க்கு அது போதும்.

சார்ஜர் ரெண்டு கால் பிளக்கோ? மூண்டு கால் சொக்கெட்டில பேனாவால குத்தித் திறந்து செருகியிருக்கிறியளோ? எர்த் இல்லாத சார்ஜரில லப்டொப்பின்ர கிரவுண்ட், 230இன் பாதியளவில மிதக்கும். கரண்ட் சின்னன், ஆளைக் கொல்லாது, சிப்பின்ர காலுக்கு அது காணும்.

கேள்வி (முல்லைத்தீவு, வயரிங் வேலை): தம்பி, எர்த் எர்த் எண்டு சனத்தைப் பயப்பிடுத்தாதையும். இருவது வருசமா வயரிங் செய்யிறன். ஆடி ஆவணியில இஞ்சத்த மண் ஓடு மாதிரிக் காயும், அதுக்குள்ள எர்த் குத்தி என்ன பிரயோசனம்?

பதில்: அண்ணை, மண் காய்ஞ்சால் எர்த் தடை ஏறும், அதில வாதமில்லை. அதுக்காண்டி எர்த்தே வேண்டாமெண்டால்? ஆழமாக் குத்துங்கோ, கிணத்தடியில ஈரம் நிக்கிற பக்கமாக் குத்துங்கோ. தடை ஏறினாலும் 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் விழுறதுக்கு அந்த எர்த் காணும். ஃபியூஸ் எரியத்தான் காணாது.

கேள்வி (அவரே): ட்ரிப் சுவிட்ச் இருந்தால் எர்த் ஏன்? ஆள் தொட்டால் அது விழும்தானே.

பதில்: விழும், ஆள் தொட்ட பிறகு. எர்த் இருந்தால் பம்பின்ர கூட்டில கரண்ட் ஏறின உடனை, ஒருத்தரும் தொட முன்னம் விழும். ஈரக்காலோட பம்படிக்குப் போறது உங்கட பிள்ளையெண்டால் எது வேணும்?

கேள்வி (கனகராயன்குளம்): நான் சோலர் இன்வேட்டரில வேலை செய்யிறன். கிரிட்டே இல்லை, அப்ப எனக்கு எர்த் தேவையில்லைத்தானே?

பதில்: முல்லைத்தீவு அண்ணை இதைப் பாக்க வேணும், இப்பிடித்தான் கதை பரவுறது. தேவை. உங்கட இன்வேட்டர் எப்பிடிப்பட்டதெண்டு தெரியாமல் எங்க கொழுவுறதெண்டு சொல்லமாட்டன், அதோட வந்த புத்தகத்தில இருக்கும்.

கேள்வி (முல்லைத்தீவு அண்ணை): சரி, பம்புக்கு ஒத்துக்கொள்ளுறன். லப்டொப்புக்கு ஒத்துக்கொள்ளமாட்டன்.

பதில்: பாதி வந்திட்டியள். ட்ரிப் சுவிட்சின்ர ரெஸ்ட் பொத்தானை இடைக்கிடை அமத்திப் பாக்கச் சொல்லி நீங்கள் வேலை செய்த வீடுகளுக்குச் சொல்லுங்கோ. இது டிபக்கருக்கான நேரம், வயரிங்கை இதோட விடுவம்.

கேள்வி (தருமபுரம்): லப்டொப் காட்டுதில்லை, ட்ரைவர் லிங்க் அனுப்புங்கோ.

பதில்: என்ன போர்ட்? என்ன டிபக்கர்? டிவைஸ் மனேஜரில என்ன வருது? ட்ரைவர் தயாரிப்பாளரின்ர தளத்தில மட்டும்தான் எடுக்கோணும். கண்ட கண்ட தளத்தில கிடக்கிற “ட்ரைவர் பக்” வைரஸோட வரும்.

கேள்வி (பூநகரி): லைட் எரியுது, காட்டுதில்லை.

பதில்: மேல வாசியுங்கோ.

கேள்வி (துணுக்காய், ஆசிரியை): பாடசாலையில பிள்ளையளுக்கு டிபக் செய்யிறதைக் காட்ட வேணும். டிபக்கர் வாங்கிறதுக்குப் பெரிசாக் காசில்லை.

பதில்: ரீச்சர், ராஸ்பெரி பை பிக்கோ எண்ட சின்ன மைக்ரோகொன்ட்ரோலர் போர்ட் ரெண்டு வாங்குங்கோ. ஒண்டை டிபக்கர் ஆக்கலாம். பூட்செல் பொத்தானை அமத்திப் பிடிச்சுக்கொண்டு குத்தினால் பென் ட்ரைவ் மாதிரித் திறக்கும். ராஸ்பெரி பை நிறுவனம் தாற டிபக்புரோப் யூஎஃப்2 கோப்பில பிக்கோவுக்கானதை அதுக்குள்ள இழுத்து விடுங்கோ. அதின்ர ஜிபி2 காலை மற்றப் பிக்கோவின்ர டிபக் கால்களில எஸ்டபிள்யூ கிளொக்குக்கும், ஜிபி3 காலை எஸ்டபிள்யூடிஐஓவுக்கும், கிரவுண்டைக் கிரவுண்டுக்கும் கொழுவுங்கோ. கரண்ட் காலான வி-சிஸை (VSYS) மற்றதின்ர வி-சிஸோட சேர்த்தால் ரெண்டும் ஒரு கேபிளில ஓடும். 3.3 வோல்ட் எஸ்ரிஎம் சிப்புகளோடயும் இது பேசும். பிள்ளையளுக்கு முதல் பாடமா நல்ல கேபிளையும் சார்ஜ் கேபிளையும் கலந்து குடுத்து, எது எது எண்டு பிரிக்க விடுங்கோ.

கேள்வி (விசுவமடு): ஈஎஸ்பி32-எஸ்3 எண்ட மைக்ரோகொன்ட்ரோலர் போர்ட். ஜிபிஐஓ 19, 20 எண்ட கால் ரெண்டிலயும் எல்ஈடி கொழுவிப் புரோகிராம் எழுதினன். பிறகு யூஎஸ்பியே காணேல்லை.

பதில்: அந்த ரெண்டு கால்தான் அதின்ர யூஎஸ்பி. எல்ஈடியைக் கழட்டி, பூட்டை அமத்திக்கொண்டு ரீசெட் குடுத்து விடுங்கோ, திரும்பத் தெரியும். எல்ஈடிக்கு வேற கால் எடுங்கோ.

கேள்வி (நெடுங்கேணி): யானை வேலிக்கு நாங்களே ஒரு கொன்ட்ரோலர் செய்யிறம். வேலி ஓடிக்கொண்டிருக்கேக்க டிபக்கர் கொழுவிப் பாக்கலாமோ?

பதில்: வேண்டாம். அந்த வேலியில போறது ஆயிரக்கணக்கான வோல்ட் துடிப்பு. டிபக்கரும் லப்டொப்பும் மட்டுமில்லை, கீபோர்ட்டில வைச்ச கையும் அந்தச் சுற்றுக்குள்ள வந்திடும். கொன்ட்ரோலரைத் தனியக் கழட்டி, உயர் வோல்ட்டேஜ் பக்கத்துக்குப் பதிலா ஒரு எல்ஈடியைப் போட்டு மேசையில டிபக் செய்யுங்கோ. வேலியில கொழுவின பிறகு ஏதும் பாக்க வேணுமெண்டால் ப்ளூடூத்தால அனுப்புங்கோ. துடிப்பு குடுக்கிற பெட்டியை நீங்களாச் செய்யாமல் தரச்சான்று உள்ளதை வாங்குங்கோ, மெயினில இருந்து நேர வயர் இழுக்கிற எண்ணம் ஆருக்காவது இருந்தால் இப்பவே விடுங்கோ.

லைட் போகப்போகுது எண்டு அறிவிச்சிருக்கினம். மிச்சக் கேள்விகளுக்குப் பிறகு. கேபிள் கேள்விகளுக்கு இல்லை.