பிரபலங்களின் போதை மரணங்களுக்கு மட்டும் ஊடகங்கள் இத்தனை இடம் கொடுப்பது ஏன்?

தெரிந்த முகம் என்பதால் அந்த மரணம் விற்கிறது. கொழும்பு கொட்டாஞ்சேனையில் ‘ஐஸ்’ போதைப்பொருள் பாவித்து இறக்கும் இளைஞனுக்கு உள்பக்கத்தில் நான்கு வரி கிடைத்தாலே பெரிது. ஆனால் எனக்குக் குறையாகப் படுவது இடத்தின் அளவன்று, மரணம் எப்படி நேர்ந்தது என்ற விளக்கமின்மையே. 2011 ஜூலையில் 27 வயதில் இறந்த பாடகி ஏமி வைன்ஹவுஸின் இரத்தத்தில் 100 மில்லிலீற்றருக்கு 416 மில்லிகிராம் மதுசாரம் இருந்தது (இங்கிலாந்தில் வாகனமோட்டுவோருக்கான எல்லை 80). அதைவிட முக்கியமானது, அதற்குச் சற்று முன்புவரை அவர் குடிக்காமல் இருந்தார் என்பது. நிறுத்தியிருக்கும் காலத்தில் உடலின் தாங்குதிறன் இறங்கிவிடுவதால், பழைய அளவையே மீண்டும் எடுப்பவருக்கு, மதுவானாலும் ஹெரோயினானாலும், மூச்சை இயக்கும் மூளைப்பகுதி அடங்கி உறக்கத்திலேயே சுவாசம் நின்றுபோகலாம். ஆகவே புனர்வாழ்வு நிலையத்திலிருந்தோ சிறையிலிருந்தோ ஒருவர் வீடு திரும்பும் முதல் வாரங்களில் குடும்பத்தவர் கூடுதல் கவனமாக இருக்கவேண்டும்; ஆலோசனைக்குத் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையை 1927 என்ற இலக்கத்தில் அழைக்கலாம்.