நூலகர் பதில்கள்: கட்டணம் கேட்கும் கட்டுரைகளும் தேடிக் கிடைக்காத இதழ்களும்

கல்லூரி, பல்கலைக்கழக மாணவர்கள் தங்கள் நூலகங்களைப் பற்றி அனுப்பிய கேள்விகளுள் ஐந்துக்கு, ஓய்வுபெற்ற பல்கலைக்கழக நூலகர் ஒருவர் இந்த இதழில் விடையளிக்கிறார்.

கேள்வி: பொருளியல் முதுகலை படிக்கிறேன். எனக்கு வேண்டிய ஆய்வுக்கட்டுரையின் சுருக்கம் மட்டுமே இணையத்தில் தெரிகிறது. முழுவதையும் படிக்க முப்பது, நாற்பது டாலர் கேட்கிறார்கள். என்ன செய்வது?
– மாணவி, அரசு கலைக் கல்லூரி, தருமபுரி

பதில்: பணம் கட்டிவிடாதீர்கள். அந்தக் கட்டுரைக்கான தொகையை உங்களுக்காக அரசே செலுத்தியிருக்கக்கூடும். ‘ஒரே நாடு ஒரே சந்தா’ என்னும் திட்டத்துக்கு 2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அதன்படி, 30 பதிப்பகங்கள் வெளியிடும் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களை, மத்திய, மாநில அரசுகளின் உயர்கல்வி நிறுவனங்களில் பயில்வோர் 2025 ஜனவரி முதல் கட்டணமின்றிப் படிக்கலாம். மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டுள்ள இத்திட்டத்தை, பல்கலைக்கழக நூலகங்களை வலையமைப்பால் இணைக்கும் நிறுவனமாகிய காந்திநகரின் இன்ஃபிளிப்நெட் மையம் ஒருங்கிணைக்கிறது. இத்தனை பெரிய வசதி கைக்கெட்டும் தொலைவில் இருந்தும் பல கல்லூரிகளில் மாணவர்களுக்கு அதன் பெயர்கூடத் தெரியாமல் இருப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. உங்கள் கல்லூரி இதில் பதிவு செய்திருக்கிறதா, வீட்டிலிருந்து படிப்பதற்குப் பயனர் கணக்கு எப்படிப் பெறுவது என்ற இரண்டையும் நூலகரிடம் கேளுங்கள். அதே மையம் மின்னிதழ்களையும் மின்னூல்களையும் கல்லூரிகளுக்கென வழங்கும் ‘என்-லிஸ்ட்’ சேவையைப் பற்றியும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள். இவற்றில் அடங்காத இதழாக இருந்தால், கட்டுரையாசிரியருக்கே மின்னஞ்சல் எழுதிப் படி கேட்கலாம். ஆய்வுலகில் அது இயல்பான வழக்கம்.

கேள்வி: எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான்தான். நூலகரிடம் எதையாவது கேட்டால், இதுகூடத் தெரியாதா என்று நினைத்துவிடுவாரோ என்று தயங்கித் திரும்பிவிடுகிறேன்.
– மாணவர், சேலம்

பதில்: கேட்பவருக்கு வழிகாட்டுவதுதான் எங்கள் வேலை. கேட்டதற்காக ஒரு நூலகர் முகம் சுளித்தால் பிழை அவருடையதே, உங்களுடையதன்று. சீர்காழியில் பிறந்து, கணிதம் கற்பித்துக்கொண்டிருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்ற சி. இரா. அரங்கநாதன், 1931இல் நூலாக வெளியிட்ட ஐந்து விதிகளுள் ஒன்று, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது. நீங்கள் அடுக்குகளுக்கிடையே அரைநாள் அலைந்து வெறுங்கையோடு திரும்பினால் அந்த விதியை மீறியவர்கள் நாங்கள்தான்.

கேட்கும்போது, “நெசவு பற்றிப் புத்தகம் இருக்கிறதா, ஐயா?” என்று பொதுவாகக் கேட்காமல், எதை எழுதப்போகிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள். “சேலம் வெண்பட்டு நெசவாளர்களின் கூட்டுறவுச் சங்கங்களைப் பற்றித் திட்டக்கட்டுரை எழுதுகிறேன், 1990க்குப் பிந்தைய புள்ளிவிவரங்கள் வேண்டும்” என்றால், நூலகர் உங்களைப் பொருளியல் அடுக்குக்கு அனுப்பமாட்டார்; கைத்தறிக் கணக்கெடுப்பு அறிக்கைகளையும், சட்டமன்றத்தில் ஆண்டுதோறும் வைக்கப்படும் கைத்தறித் துறையின் கொள்கை விளக்கக் குறிப்புகளையும் எடுத்துக் கொடுப்பார்.

கேள்வி: எனக்கு வேண்டிய நூலை வேறொருவர் இரவல் பெற்றுப் பல வாரங்களாக வைத்திருக்கிறார்.
– மாணவி, திருநெல்வேலி

பதில்: நூல்களை இரவல் தரும் வழங்கல் பிரிவில் அந்த நூலுக்கு உங்கள் பெயரில் முன்பதிவு செய்யுங்கள். முன்பதிவு உள்ள நூலை வைத்திருப்பவருக்குப் பொதுவாகத் தவணையை நீட்டித்துத் தரமாட்டார்கள்.

கேள்வி: இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளிவந்த தமிழ்ப் பெண்கள் இதழ்களை முனைவர் பட்ட ஆய்வுக்கு எடுத்திருக்கிறேன். இதே பொருளில் முன்பே ஆய்வு நடந்திருக்கிறதா என்று அறிவது எப்படி? மூல இதழ்கள் எங்கே கிடைக்கும்?
– ஆய்வாளர், மதுரை

பதில்: முதலில் பார்க்க வேண்டியது ‘சோத்கங்கா’ என்னும் இணைய ஆய்வேட்டுக் களஞ்சியம். முனைவர் பட்ட ஆய்வேடுகளின் மின்படியை ஒப்படைக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் விதித்ததன் பயனாக, நாடு முழுவதும் உள்ள பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளை அங்கே முழுமையாகப் படிக்க முடிகிறது. ஆனால் தமிழில் எழுதிய ஆய்வேடுகளின் தலைப்புகள் சில இடங்களில் தமிழிலும், சில இடங்களில் ஆங்கில எழுத்துகளிலும் பதிவாகியிருக்கும். எனவே ஒரே சொல்லைத் தேடிப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டாமல், எழுத்துக்கூட்டலை மாற்றியும், பல்கலைக்கழகம், துறை வாரியாகவும் பாருங்கள். பழைய ஆய்வேடுகள் பல அச்சுப்படியாகவே இருப்பதால், அந்தந்தப் பல்கலைக்கழக நூலகத்துக்கு நேரில் செல்வதைத் தவிர்க்க முடியாது.

இதழ்களுக்கு நீங்கள் முதலில் செல்ல வேண்டிய இடம் சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூரில் ரோஜா முத்தையா என்னும் தனிமனிதர் வாழ்நாளெல்லாம் திரட்டிய நூல்களும் இதழ்களும், அவர் மறைவுக்குப் பின் சிகாகோ பல்கலைக்கழகத்தால் வாங்கப்பட்டு, கடல் கடந்து போகாமல் சென்னையிலேயே 1994 முதல் நூலகமாக நிலைபெற்றது நம் ஆய்வுலகுக்குக் கிடைத்த பெரும்பேறு. நெறியாளரின் அறிமுகக் கடிதத்தையும், வேண்டிய இதழ்களின் பட்டியலையும் கையோடு கொண்டு செல்லுங்கள். புறப்படும் முன், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் எவையெல்லாம் கிடைக்கின்றன என்று பார்த்துவிட்டால் பயணநாள் வீணாகாது.

பழைய இதழ்களில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. அவற்றில் பல தமிழ் ஆண்டுப் பெயரையே தாங்கியிருக்கும். ரௌத்திரி ஆண்டு 1920 ஏப்ரலில் தொடங்குகிறது. ஆகவே ‘ரௌத்திரி, தை’ என்றிருக்கும் இதழ் 1921 ஜனவரியில் தொடங்கும் மாதத்துக்கு உரியது. இதை 1920 என்று குறித்த ஆய்வேடுகளை நானே கண்டிருக்கிறேன். மலர் எண், இதழ் எண், அட்டையில் உள்ள ஆண்டு மூன்றையும் உள்ளபடியே எழுதி வைத்துக்கொண்டு, ஆங்கில ஆண்டைப் பிறகு கணக்கிடுங்கள்.

கேள்வி: நான் பார்வைக் குறைபாடுள்ள இளங்கலை மாணவன். பாடநூல்கள் அச்சில் மட்டுமே உள்ளன. அவற்றை ஒலிவடிவில் மாற்றித் தருமாறு கேட்டால் பதிப்புரிமை மீறலாகுமா?
– மாணவர், கோயம்புத்தூர்

பதில்: ஆகாது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் செய்த திருத்தம், மாற்றுத்திறனாளிகள் படிக்கத்தக்க வடிவில் ஒரு நூலை இலாப நோக்கமின்றி மாற்றித் தருவதற்கு இடம் தருகிறது. 2016இல் தொடங்கப்பட்ட ‘சுகம்யா புஸ்தகாலயா’ என்னும் இணைய நூலகத்தில் உறுப்பினராகி, உங்கள் நூல் அங்கே முன்பே இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், நூலை வருடி (ஸ்கேன் செய்து) எழுத்துவடிவக் கோப்பாக்கித் தருமாறு கல்லூரி நூலகத்துக்கு எழுத்துமூலம் விண்ணப்பியுங்கள். அந்தக் கோப்பை ‘என்விடிஏ’ என்னும் இலவசத் திரைவாசிப்பு மென்பொருள் படித்துக் காட்டும். தமிழ் நூல்களை இவ்வாறு மாற்றும்போது எழுத்துப் பிழைகள் நேர்வதால், யாராவது உட்கார்ந்து மெய்ப்புப் பார்த்தாக வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும். ஆகையால் பருவம் தொடங்கும் வரை காத்திராமல், பாடத்திட்டம் கைக்கு வந்த அன்றே விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள்.